நாலடிக் கடல்

வியாழக்கிழமை அது வெறும் சந்தேகம். வெள்ளிக்கிழமை, டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும் என்று அலாய்சியஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து வந்ததும் அந்தப் பக்கம் திரும்பாமலே போய்ப் படுத்துவிட்டான். தெரிந்துகொண்டே பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்று ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு, வரும் வழியில் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் தின்று, கை கழுவித் திரும்பியபோது மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து கண்ணாடித் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. நாலடி நீளத் தொட்டி முழுக்க, முருங்கைக்கீரை வேகவைத்து இறுத்த தண்ணீரை ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. பின்பக்கத்துப் பாறைகள் தெரியவில்லை. முன்னால் இருந்த பாறைமேல் விரல் விரலாக விரிந்து அசையும் மென்பவளங்கள் எல்லாம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு சின்னச் சின்ன முஷ்டிகளாக உட்கார்ந்திருந்தன. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் வால் வந்து, ஒரு கணம் நின்று, பச்சைக்குள் போய்விட்டது. மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு டெல்பின் கூப்பிடுவாள்.

தொட்டி அவளுடையது. அவன் கிரேன் ஓட்டுகிறவன். பதினைந்து மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து, பத்தொன்பது வருஷமாகக் கடலை மேலேயிருந்து பார்க்கிறவன். கடல் என்றால் அவனுக்குக் கப்பலுக்கு அடியில் விரித்துப் போட்ட தகடு, அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தவள் அவன் மனைவி. இருபது வருஷம் இதே தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் திடீரென்று, வீட்டில் பவளப் பாறைத் தொட்டி வைக்கணும் என்றாள். தெருமுனையில் திரும்பினால் கடல், இந்த ஊரில் கடலுக்கு என்ன பஞ்சம் என்று அவன் சிரித்தான். நம்ம கடல்லேருந்து ஒரு பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது, ஜெயில்ல போட்டுருவான், துறைமுகத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குது, அதனால கடலைச் செய்யணும் என்றாள் அவள். செய்யணும் என்று சொன்னது, தோசை சுடணும் என்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அப்படியே செய்தாள். வடிகட்டிய தண்ணீரில் பொட்டலத்து உப்பைக் கரைத்து, குழாய் மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் வைத்து உப்பை அளந்து, சென்னைக் கடையிலிருந்து பாலித்தீன் பைகளில் வந்த மீன்களை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, மெல்ல மெல்ல உள்ளே விட்டாள். நைட் டியூட்டி முடிந்து வந்து காப்பித் தம்ளரோடு அதன் முன்னால் அரை மணி நேரம் உட்காருவாள். பேச்சுக் கொடுத்தால் ம் என்பாள். அந்த அரை மணி நேரத்தின்மேல் அவனுக்குப் பொறாமை இருந்தது. இப்போது அந்த ம் ஒன்று கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

மூடி இருந்த ஸ்கிம்மரைத் திறந்தான். நுரையாகப் பொங்கி அழுக்கைப் பிரித்தெடுக்கும் குழாய் அது. மேலே இருந்த கப்பில் கறுப்புக் குழம்பு விளிம்பு வரை நின்றது. எப்போது கழுவினோம்? போன ஞாயிறா, அதற்கு முந்தியா? மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லி முடிக்க அவன் விடவில்லை. கப்பைக் குழாயடியில் கவிழ்த்துக் கழுவினான். வாசலில் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது அன்றைக்கு, கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துணிகளை மடித்தபடியே சொல்ல ஆரம்பித்தாள், ஸ்கிம்மர் கப்பை மூணு நாளைக்கு ஒரு தடவ கழுவணும், தண்ணி வத்தினா உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது, நல்ல தண்ணிதான். அவன் குறுக்கே விழுந்தான். “உன் மீனையெல்லாம் என்னால பாக்க முடியாது. போறவ எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ.” அவள் கை நின்றது. அப்புறம் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம். எட்டு மாதமாக அவன் எந்தப் பையின் ஜிப்பை இழுத்தாலும் அந்தச் சத்தம். குடும்பத்துக்கு ஏதோ தேவை, அதனால் போகிறாள் என்றிருந்தால் தாங்கியிருப்பான். அப்படி ஒரு தேவையும் இல்லை. பிள்ளை இல்லை, அதைப் பற்றி இருவரும் பேசித் தீர்த்து வெகு காலமாகிவிட்டது. “நாப்பத்தி நாலு வயசாச்சு. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. ஒரு தடவ வேற எங்கயாவது போயி, இதே வேலைய வேற மாதிரி செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருக்கு” என்றாள். ஆசை. அந்த வார்த்தைதான் அவனுக்குள் முள்ளாகத் தைத்தது. அவன் இருக்கும்போது வேறு எதன்மேல் ஆசை? இரண்டு வருஷ ஒப்பந்தம், அயர்லாந்தில்; அயர்லாந்து என்றால் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்கு அப்போது தெரியாது.

கப்பை மாட்டினான். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. உடனே தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்தவன்போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மீன்களை எண்ணலாம். ஐந்து. மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, பாறைக்கு அடியிலேயே கிடக்கும் சாம்பல் நிறத்தது ஒன்று, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி ஜோடி. மஞ்சள் வந்தது. நீலம் வந்தது. சாம்பலின் மூக்கு தெரிந்தது. கோமாளியில் சின்னது கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியது எங்கே? பெரியதுதான் பெட்டை. சின்னது அதைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்று அவன் பார்த்ததில்லை. டார்ச்சை எடுத்து வந்து அடித்தான். வெளிச்சம் உள்ளே போகாமல், பனியில் பஸ் விளக்கு அடித்த மாதிரி பச்சையாகத் திரும்பி முகத்தில் அடித்தது. கண்ணாடியை விரலால் தட்டினான், தட்டக் கூடாது என்பாள், கையை இழுத்துக்கொண்டான். சில வருஷம் கடலே இப்படி ஆகும். கிரேன் மேலேயிருந்து அவன் பார்த்திருக்கிறான், தீவுகளின் பக்கமிருந்து பச்சைப் பாயை விரித்துக்கொண்டே வருகிற மாதிரி வரும், பூங்கோரை என்பார்கள், இரண்டு நாளில் கரை முழுக்க மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பச்சை தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவு பெரிய கடலுக்கே மூச்சு முட்டினால் இந்த நாலடி எம்மாத்திரம்? பெட்டை செத்துப் போனால் ஆண் மீன் தானே பெட்டையாக மாறிவிடும் என்று ஒரு நாள் டெல்பின் சொன்னாள். அதெப்படி என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது அவள் தலையணைப் பக்கம் அவன் படுக்கிறான். மீன்குழம்புக்கு அவள் அரைக்கிற மாதிரியே தேங்காயும் சீரகமும் அரைக்கிறான். நைட் ஷிப்ட் முடிந்தால் காப்பித் தம்ளரோடு இங்கே வந்து உட்காருகிறான். எப்போது ஆரம்பித்தது இதெல்லாம்? அவள் விமானம் ஏறிய மறுநாளே. பார்க்க மாட்டேன் என்று சொன்னவன் மறுநாள் காலையில் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான், ஏனென்றால் வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்தும் கண்ணாடிக்கு ஓடி வந்தன. வீட்டில் அவனைப் பார்த்து ஓடி வர வேறு யாரும் இல்லை.

பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை. முதல் ஞாயிறு அவளே கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்டால், ம், இருக்கு என்று விட்டேற்றியாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தான். அவள் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டாள், பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள், மாடியில் ஒழுகுகிற இடத்தைப் பூசியாச்சா என்று கேட்டாள். தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் கேட்கவில்லை. முப்பத்திச் சொச்சம் ஞாயிறுகள். அவன் வேண்டுமென்றே சமையல்கட்டுச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவான், அவளுக்குத் தொட்டி தெரியாதபடி. கேட்டால் காட்டலாம், கேட்காதவளுக்கு எதற்கு? ஏழு வருஷம் உயிரைக் கொடுத்து வளர்த்ததை ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறாள் என்றால், அவள் இங்கிருந்து மொத்தமாக எழுந்து போய்விட்டாள் என்றுதானே அர்த்தம்? மீனையே மறந்தவள் அவனை நினைப்பாளா? மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த எண்ணம் வந்தது, வந்தது போகவில்லை. இன்று தண்ணீர் பச்சை. இன்றைக்கும் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் செத்த பிறகும்கூட அவன் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மணி பார்த்தான். நாலு அடிக்க இரண்டு நிமிஷம். சின்ன கோமாளி இன்னும் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. டெல்பினின் முகம் வழக்கம்போல ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால், முடி ஈரமாக, கண்ணுக்குக் கீழே கறுத்து. அங்கே காலை பதினொன்றரை.

“என்னங்க, மொகம் ஏன் இப்படி இருக்கு? காய்ச்சலா?”

“இல்லட்டி.”

“பின்ன என்ன? சொல்லுங்க.”

அவன் போனைத் திருப்பித் தொட்டிக்கு நேராகப் பிடித்தான். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தான்.

“டெல்பி?”

“இருக்குதேன்.” குரல் வேறு மாதிரி இருந்தது. “அது நம்ம தொட்டியா?”

“ஆமா. தண்ணி பச்சையாயிட்டு. நாலு நாளாச்சு. எனக்கு என்ன செய்யணும்னு தெரியல.”

“உள்ள... உயிரோட இருக்கா?”

“நாலு இருக்கு. பெரிய கோமாளியக் காணல.”

அவள் அழுகிறாள் என்று அவனுக்கு உடனே புரியவில்லை. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். “நீங்க பாக்க மாட்டேன்னு சொன்னியள்லா” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஒரு வாரத்துல எல்லாம் போயிருக்கும்னு நெனச்சேன். கேட்டா, எல்லாம் செத்துப் போயிட்டுன்னு சொல்லிருவிய. அதக் கேக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. அதான் கேக்கவே இல்ல.” அவன் போனைத் தன் பக்கம் திருப்பினான். உடனே மறுபடி தொட்டிக்கே திருப்பினான். எட்டு மாதம். அவள் அங்கே செத்த மீன்களை நினைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டரைக் கேட்டிருக்கிறாள், இவன் இங்கே உயிருள்ள மீன்களை கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு சிலிண்டர் வந்துட்டு என்று சொல்லியிருக்கிறான்.

“மேல பாருங்க” என்றாள் சட்டென்று, அது வார்டு குரல், நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல். “மோட்டார் தண்ணி விழுற மூலை இருக்குல்லா, அங்க பாருங்க. மூச்சு முட்டினா அங்கதான் போவா.” நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தான். தண்ணீர் விழுந்து நுரைக்கிற மூலையில், நுரைக்கு அடியில் ஆரஞ்சாக ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. இருக்காட்டி, பெரியவ இருக்கா என்று கத்தினான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கரண்ட் போனால் வைக்கிற பேட்டரிக் காற்றுப் பம்பு அலமாரியில் இருக்கும் என்றாள், இருந்தது. போட்டான். குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தான். இப்போது அவளுக்கு அவன் முழுசாகத் தெரிந்தான், பனியனோடும் மடித்துக் கட்டிய சாரத்தோடும்.

“தீவனம் எத்தன தடவ போடுதிய?”

அவன் பம்பின் குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கினான்.

“சும்மா சொல்லுங்க. ரெண்டு தடவயா?”

“அஞ்சு, ஆறு இருக்கும்.”

“ஒரு நாளைக்கா?” பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. “எதுக்குங்க அத்தன தடவ? திங்காத மிச்சம் பூரா அழுகித்தான் பச்ச வரும்.”

“நான் அந்தப் பக்கம் போனாலே ஓடி வருது. பசிக்குதோன்னு...” நிறுத்தினான். அது பொய். பசி என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. “போடலன்னா திரும்பிப் போயிரும்” என்றான்.

“லைட்டு?” என்றாள், மெதுவாக. காலையில் எழுந்ததும் போடுவான். படுக்கிறபோது அணைப்பான். வேலைக்குப் போகிற நாளும் அணைப்பதில்லை. கதவைத் திறக்கும்போது வீடு இருட்டாக இருந்தால் அவனுக்கு உள்ளே வரக் கால் எழுவதில்லை. திறந்ததும் அந்த மூலையில் நீல வெளிச்சமும் ஏதோ அசைவதும் தெரிந்தால், யாரோ இருக்கிறார்கள். இவ்வளவையும் சொன்னானா, இல்லை, கதவத் திறந்தா இருட்டா இருக்கு என்று மட்டும் சொன்னானா? எந்தக் கப்பலில் எந்தக் கண்டெய்னர் தவறி விழுந்தாலும் காரணம் எழுத வேண்டும், அவன் எழுதியிருக்கிறான், காற்றின் வேகம், கம்பியின் தேய்மானம். இதற்கு என்ன எழுதுவது? அவனுக்கு அவள் வேண்டியிருந்தது. அதைத்தான் சிட்டிகை சிட்டிகையாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதுதான் இப்படிப் பச்சையாகி நிற்கிறது.

அப்புறம் வேலை. நீல டிரம்மில் வியாழக்கிழமையே உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்தான். கலக்கத் துணிந்தவனுக்கு ஊற்றத் துணிவு வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல, குழாயை வாயால் உறிஞ்சி, உப்பு நாக்கில் கரிக்க, அறுபது லிட்டர் பச்சையை வாளி வாளியாக வெளியே எடுத்தான். “அடியில படிஞ்சதையும் சேத்து உறிஞ்சுங்க. பாறைக்குக் கிட்டப் போகாதிய, அந்தச் சாம்பல் பயந்திரும்.” தண்ணீரை வடிகட்டும் பஞ்சை மாற்றினான். புதுத் தண்ணீரைத் தம்ளர் கனத்துக்குச் சன்னமாக ஊற்றினான். முதுகு வலித்தது. நிமிர்கிறபோதெல்லாம் அரிசி டப்பாமேல் அவள் முகம் இருந்தது. கன்னத்தைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேலை செய்து அவள் பார்த்ததில்லை என்று தோன்றியது. அவன் வேலை பார்ப்பது மேகத்துக்குப் பக்கத்தில் அல்லவா?

“இனி மூணு நாளு இருட்டு வேணும். துளி வெளிச்சம் போகக் கூடாது. தீவனமும் கெடையாது. பயப்படாதிய, தாங்கும். என் பீரோவுல அடித் தட்டுல கறுப்புப் போர்வை இருக்கு.”

அந்தப் பீரோவை அவன் எட்டு மாதமாகத் திறக்கவில்லை. காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம்; அதை அவன் வாய்விட்டு யாரிடமும், தன்னிடமும், சொன்னதில்லை. திறந்தான். பாதிதான் காலி. இரண்டு பட்டுப்புடவைகளும், பூசைக்குப் போடும் முக்காடும், வெள்ளை நர்ஸ் செருப்பும், அவளுக்குப் பிடித்த, இடுப்பில் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த மயில்கழுத்து நிறச் சட்டையும் இருந்தன. திரும்பி வராதவள் எதை விட்டுவிட்டுப் போவாள், வருகிறவள் எதை? அங்கே குளிருக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று விட்டிருக்கலாம். அல்லது. கெடச்சுதா என்று அவள் குரல் கேட்டது. கிடைத்தது என்று போர்வையை எடுத்துக்கொண்டு வந்தான்.

சுவரோரம் நாலு பிளக் வரிசை. மோட்டார், ஸ்கிம்மர், மின்விசிறி, லைட். லைட்டின் பிளக்கைப் பிடுங்கினான். நீலம் போனது. போர்வையை இரண்டாக மடித்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டு, ஓரங்களில் துணி மாட்டும் கிளிப் போட்டான். கடைசிப் பக்கத்தை மூடுவதற்கு முன் உள்ளே பார்த்தான். பெரிய கோமாளி நுரை மூலையிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. சின்னது அதன் வயிற்றுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“புதன்கிழம சாயங்காலம் தொறக்கலாம். என்னைக் கூப்பிட்டுட்டுத் தொறங்க. தனியாத் தொறக்காதிய.”

“நீ டியூட்டியில இருப்பியே.”

“நைட்டுதான். நேத்தும் நைட்டுதான்.”

நேற்றும் நைட். காலை எட்டு மணிக்கு முடிந்திருக்கும். அப்படியானால் எட்டிலிருந்து இந்த நேரம் வரை? ஞாயிறு நாலு மணி என்று குறித்தது அவன்தான், சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட வசதியாக. அங்கே அது எந்த நேரம் என்று அவன் ஒருமுறையும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஈரமான முடி, தூக்கம் வராமலிருக்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இத்தனை ஞாயிறும்.

நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தான். அவள் படுத்திருந்தாள். முகம் தலையணையில் பாதி புதைந்து, திரையில் சாய்வாகத் தெரிந்தது. கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. எட்டு மாதமாக நாக்கின் நுனியில் நின்று கரித்துக்கொண்டிருந்தது.

“டெல்பி. ரெண்டு வருஷம் முடிஞ்சா வந்துருவியாட்டி?”

பதில் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வையின் ஓரம் மூச்சுக்கு ஏறி இறங்கியது. தூங்கிவிட்டாள். எந்த இடத்தில் தூங்கினாள், கேள்விக்கு முன்னாலா, நடுவிலா? மறுபடி கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. கூப்பிட்டால் எழுந்துவிடுவாள். அவள் தூங்கி அவன் பார்த்தே எவ்வளவு காலமாகிவிட்டது. புருவத்துக்கு நடுவில் அந்தச் சின்னச் சுருக்கம் தூக்கத்திலும் அப்படியே இருந்தது. வைத்துவிட வேண்டியதுதான், பாவம், தூங்கட்டும். சிவப்புப் பொத்தான்மேல் கட்டைவிரல் போய் நின்றது. அழுத்தவில்லை. திரையின் மூலையில் நாலு சதவீதம் என்று காட்டியது.

சார்ஜரை எடுத்து வந்தான். லைட் பிடுங்கிய இடம் காலியாக இருந்தது, அதில் சொருகினான். வயர் நீளம் போதவில்லை. சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கித் தொட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. போர்வைக்குப் பின்னால் குமிழிகள் ஓயாமல் ஏறி உடைந்துகொண்டிருந்தன. கையில் அவள் மூச்சு. கொஞ்ச நேரத்தில், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தான்.